நாலு போன், ஒரே பலகை: திரையைப் பார்க்காத மாணவரும் சேர்ந்து படிக்கும் செயலியை வடிவமைத்தல்

ஒன்பதாம் வகுப்புத் தமிழுக்கு ஒரு குழுப் பயிற்சி என்று வைத்துக்கொள்வோம். திரையில் ஐந்து பெட்டிகள்: குறிஞ்சி, முல்லை, மருதம், நெய்தல், பாலை. கீழே இருபது அட்டைகள்: முருகன், வருணன், ஊடல், இரங்கல், தேனெடுத்தல், உப்பு விளைத்தல், காட்டுக்கோழி, புறா என்று. திணைக்குத் தெய்வம், தொழில், பறவை, உரிப்பொருள் என நான்கு அட்டை. நான்கு மாணவர்கள், ஆளுக்கொரு ஆண்ட்ராய்டு போன், பலகை மட்டும் ஒன்று. பேசி முடிவெடுத்து ஒவ்வொரு அட்டையையும் அதன் திணையில் சேர்க்க வேண்டும். நால்வரில் ஒருவர் பார்வையற்றவர். டாக்பேக் என்ற திரைவாசிப்பான் துணையோடு போனைப் பயன்படுத்துபவர்.

செயலியில் எல்லாப் பட்டனுக்கும் லேபிள் இருக்கிறது. நிற வேறுபாடு சரியாக இருக்கிறது. எழுத்தைப் பெரிதாக்கலாம். சோதனைக் கருவி குறை ஒன்றும் சொல்லவில்லை. ஆனாலும் பயிற்சி தொடங்கியதும் என்ன ஆகும்? டாக்பேக் மாணவர் மூன்றாவது அட்டையைக் கேட்டுக்கொண்டிருக்கும்போதே மற்ற மூவரும் பாதிப் பலகையை முடித்திருப்பார்கள். அவருடைய போன் வாயே திறக்காமல் இருக்கும். இல்லையென்றால் ‘நகர்த்தப்பட்டது, நகர்த்தப்பட்டது’ என்று ஓயாமல் பேசி, அவர் கேட்டுக்கொண்டிருந்த அட்டையையும் அமுக்கிவிடும்.

மாற்றுத்திறனாளிகளும் பயன்படுத்தும்படி செய்வதற்கான அணுகல் விதிகள் பெரும்பாலும் ஓர் ஆள், ஒரு பக்கம் என்ற கணக்கில் எழுதப்பட்டவை. 2023 அக்டோபரில் வெளிவந்த டபிள்யூசிஏஜி 2.2 என்ற உலகளாவிய வலை அணுகல் வழிகாட்டி வரை அதுதான் நிலை. அந்த விதிகள் கட்டாயம் வேண்டும். இந்தியாவில் 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் அணுகலைக் கோருகிறது, ஐஎஸ் 17802 என்ற தர ஆவணம் அந்த விதிகளை ஒட்டியே நிற்கிறது. ஆனால் சேர்ந்து படிக்கும் செயலிக்கு இன்னொரு கேள்வி உண்டு: பக்கத்தில் இருப்பவர் இப்போது என்ன செய்கிறார் என்பது எனக்குத் தெரிகிறதா? பார்வையுள்ளவருக்கு அது ஓரக்கண்ணிலேயே கிடைத்துவிடுகிறது. நகரும் அட்டை, வண்ணக் கர்சர், துடிக்கும் பெயர் எல்லாமே காட்சி. அந்த ஓரக்கண்ணைக் காதுக்கும் விரலுக்கும் எப்படி மாற்றித் தருவது என்பதில்தான் வேலையின் பெரும்பகுதி இருக்கிறது.

முதலில் தரவு, பிறகு திரை

பெரும்பாலான கூட்டுப் பலகைகள் ஒவ்வொரு அட்டைக்கும் குறுக்கு, நெடுக்கு என இரண்டு எண்களைச் சேமிக்கின்றன. ‘முருகன்’ அட்டை இடமிருந்து 140, மேலிருந்து 320. அது குறிஞ்சிப் பெட்டிக்குள் இருக்கிறது என்பதைக் கண்தான் முடிவு செய்கிறது. தரவில் அந்தச் செய்தியே இல்லை. இல்லாததைத் திரைவாசிப்பான் எங்கிருந்து எடுத்துச் சொல்லும்? பிறகு எவ்வளவு லேபிள் ஒட்டினாலும் இந்தக் குறை போகாது. ஆகவே திரை வரைவதற்கு முன்பே முடிவு செய்யுங்கள்: சேமிக்க வேண்டியது உறவு. அட்டையின் அடையாள எண், அதில் உள்ள சொல், அது சேர்ந்த குழு, குழுவுக்குள் அதன் வரிசை, கடைசியாக மாற்றியவர், மாற்றிய நேரம். இந்த ஆறும் போதும். திரையில் எங்கே நிற்கிறது என்பது ஏழாவது, விருப்பத் தகவல்.

கருத்து வரைபடம் போன்ற கருவிக்கும் இதே முறைதான். முடிச்சு, அதன் தாய் முடிச்சு, இரண்டுக்கும் நடுவே உள்ள கோட்டின் பெயர் என்று சேமித்தால், அதே தரவை வரைபடமாகவும் காட்டலாம், உள்தள்ளிய பட்டியலாகவும் காட்டலாம். பட்டியலை ‘பார்வையற்றோர் பக்கம்’ என்று தனியே ஒதுக்கிவிடாதீர்கள். சிறிய திரையில் வரைபடத்தை விரலால் விரித்துச் சுருக்கி அலுத்துப்போனவர்கள் எல்லோரும் பட்டியலுக்கே வருவார்கள். எல்லோரும் பயன்படுத்தும் பக்கம்தான் பழுதாகாமல் பராமரிக்கப்படும்.

ஒரு பொறி உண்டு. ‘இது பாதி முல்லை, பாதி மருதம்’ என்று சந்தேகப்பட்டு ஒரு மாணவி அட்டையை இரண்டு பெட்டிக்கும் நடுவே வைக்கிறாள். அந்த இடைவெளிக்குப் பொருள் இருக்கிறது. பட்டியலில் அது காணாமல் போகும். இதற்கு ‘முடிவாகாதவை’ என்று ஆறாவதாக ஒரு பெட்டி வையுங்கள். பெட்டிக்கு வெளியே அட்டை நிற்கவே முடியாது என்றும் ஆக்கிவிடுங்கள்.

இழுப்பதற்கு மாற்று

டபிள்யூசிஏஜி 2.2இல் புதிதாகச் சேர்ந்த விதிகளில் ஒன்று, இழுத்து விடும் எந்தச் செயலையும் இழுக்காமல் தட்டியே முடிக்க வழி வேண்டும் என்பது. டாக்பேக் பயன்படுத்துபவருக்கு மட்டும் இது தேவை என்று எண்ண வேண்டாம். மூளை முடக்குவாதம் உள்ள மாணவர், கைநடுக்கம் உள்ளவர், சுவிட்ச் வைத்துப் போனை இயக்குபவர், விரிசல் விட்ட திரையோடு போன் வைத்திருப்பவர் என எல்லோருக்கும் இழுப்பது பாடுதான்.

எளிய வழி: அட்டையை இருமுறை தட்டினால் கீழே ஒரு தாள் எழும்பட்டும். அதில் ‘குறிஞ்சி, முல்லை, மருதம், நெய்தல், பாலை, முடிவாகாதவை’ என்று ஆறு பட்டன்கள். தொட்டால் அட்டை அங்கே போகும், தாள் மூடும், ஃபோகஸ் (திரைவாசிப்பான் அப்போது நிற்கும் இடம்) அந்த அட்டைக்கு அடுத்ததாக இருந்த அட்டையில் வந்து நிற்கும். ஏன் நகர்ந்த அட்டையின் பின்னால் போகக் கூடாது? மாணவர் பட்டியலை மேலிருந்து கீழாகக் கேட்டு வருகிறார். அவரைத் தூக்கிக்கொண்டுபோய்ப் பாலையில் விட்டால், திரும்பி வர இருபது முறை விரலால் தள்ள வேண்டியிருக்கும்.

அதே செயல்களை டாக்பேக்கின் செயல்கள் மெனுவிலும் பதிவு செய்யுங்கள்; ஐபோனின் திரைவாசிப்பானான வாய்ஸ்ஓவரில் மேலும் கீழும் தள்ளினால் அவை வரிசையாக வரும். ஆனால் அதை மட்டுமே நம்பக் கூடாது. அந்த மெனு இருப்பதே பல மாணவர்களுக்குத் தெரியாது, சுவிட்சில் இயக்குபவருக்கும் கண்ணுக்குத் தெரியும் பட்டன் வேண்டும். ஐந்து திணைப் பெயர்களையும் தலைப்பு என்று குறித்து வைத்தால், தலைப்புவிட்டுத் தலைப்பு தாவி ஐந்தே தள்ளலில் பலகையைச் சுற்றி வரலாம். ஒரே வரிக் குறிப்பு அது. பயனோ மிகப் பெரியது.

லேபிளில் எதை முதலில் சொல்வது என்பதிலும் கவனம் வேண்டும். ‘அட்டை, குறிஞ்சிக் குழுவில், 4இல் 1, முருகன்’ என்று எழுதுவது தவறு. பழகிய கை முதல் சொல்லைக் கேட்டதுமே அடுத்ததற்குத் தள்ளிவிடும். ‘முருகன், குறிஞ்சி, 4இல் 1’ என்று வைத்தால் தேடும் அட்டை முதல் அரை நொடியிலேயே பிடிபடும்.

எதைப் பேச வேண்டும், எதைப் பேசக் கூடாது

மற்றவர்கள் செய்யும் மாற்றத்தைத் திரைவாசிப்பானுக்குச் சொல்ல வலைப் பக்கத்தில் ‘ஏரியா-லைவ்’ உண்டு. ஆண்ட்ராய்டில் ‘லைவ் ரீஜன்’ என்ற பண்பு உண்டு. இரண்டிலும் இரண்டு நிலை: பொறுமையாகச் சொல்லும் ‘பொலைட்’, குறுக்கே விழுந்து சொல்லும் ‘அசர்ட்டிவ்’. கூட்டுச் செயலியில் மற்றவரின் செயல் எதற்கும் அசர்ட்டிவ் வைக்காதீர்கள். விதிவிலக்கு ஒன்றே ஒன்று: நீங்கள் எழுதிக்கொண்டிருப்பதே கைவிட்டுப் போகும் நிலை, அதாவது பயிற்சி முடியப்போகிறது, இணைப்பு அறுந்துவிட்டது என்பன போன்றவை. ஆண்ட்ராய்டில் நேரடியாக ஒரு வாசகத்தை உரக்க அறிவிக்கும் பழைய கட்டளை ஒன்று உண்டு. ஆண்ட்ராய்டு 16இல் அது வழக்கொழிந்ததாகக் குறிக்கப்பட்டுவிட்டது. புதிதாக எழுதும் செயலி லைவ் ரீஜன் வழியே போவதே நல்லது.

பொலைட் வைத்தாலும் இரண்டு சிக்கல் வரும். முதலாவது, அறிவிப்பு நிலைக்காது. அது பேசப்படும் நேரத்தில் மாணவர் அடுத்த அட்டைக்குத் தள்ளினால் பேச்சு அறுபடும். செய்தி போனது போனதுதான். ஆகவே பேசப்பட்ட ஒவ்வொன்றும் ஒரு ‘நடந்தவை’ பக்கத்தில் எழுத்தாகவும் இருக்க வேண்டும், புதியது மேலே வரும்படி. இரண்டாவது, வலைப் பக்கத்தில் லைவ் பகுதி முன்கூட்டியே காலியாக இருந்து, பிறகு அதற்குள் எழுத்து மாற வேண்டும். செய்தியோடு சேர்த்துப் புதிய பெட்டியையே செருகினால் பல நேரம் பேச்சே வராது. ஒரே வாசகம் அடுத்தடுத்து இருமுறை வந்தாலும் இரண்டாவது பேசப்படாமல் போகும். இரண்டு லைவ் பகுதிகளை வைத்துக்கொண்டு மாற்றி மாற்றி எழுதினால் இது தீரும்.

எவ்வளவு பேசலாம்? மூன்று படிகளாகப் பிரிக்கலாம். கர்சர் நகர்வு, யாரோ தட்டச்சு செய்வது, உள்ளே வந்து போவது ஆகியவற்றுக்கு மௌனம். கேட்டால் மட்டும் சொல்ல வேண்டும். மற்றவர் அட்டையை நகர்த்தியதற்கு ஒரு சிறு ஒலி, கால் நொடிக்கும் குறைவாக. காது கேளாதவருக்கு அதே இடத்தில் ஒரு சிறு அதிர்வு. நான் வைத்த அட்டையை வேறொருவர் மாற்றினால் மட்டும் பேச்சு: ‘புறா: பாலையிலிருந்து குறிஞ்சி, மாற்றியவர் மலர்’. என் வேலையில் கை வைத்தது எனக்குத் தெரிந்தே ஆக வேண்டும். கூடிப் படிப்பதில் விவாதம் தொடங்கும் இடமே அதுதானே.

இவற்றோடு திரையின் அடியில் எப்போதும் ஒரே இடத்தில் நிற்கும் ‘என்ன நடந்தது?’ பட்டன் ஒன்று வேண்டும். கடைசியாக அதைத் தொட்டதிலிருந்து நடந்ததைச் சுருக்கிச் சொல்ல வேண்டும்: ‘மலர் 3 அட்டை, இனியன் 2 அட்டை நகர்த்தினர். நெய்தலில் 4, முடிவாகாதவை 6.’ ஒரு கருவியில் ஒரே ஒரு கூட்டு வசதிக்குத்தான் நேரம் இருக்கிறது என்றால், இதைச் செய்யுங்கள். தானாகப் பேசும் அறிவிப்பு எதுவும் இல்லாமல் இந்தப் பட்டன் மட்டும் இருந்தாலும் பயிற்சியை நடத்திவிடலாம். இது இல்லாமல் மற்றவை எல்லாம் இருந்தாலும் நடத்த முடியாது.

மாற்றங்களை வந்த கணமே அனுப்பாமல் 5 முதல் 10 நொடிவரை சேர்த்துவைத்து ஒன்றாக்குங்கள். ஐந்து பேர் கைதட்டல் குறியை அழுத்தினால் ‘கைதட்டல், 5 பேர்’ என்று ஒருமுறை மட்டும் வர வேண்டும். நெட் அறுந்து திரும்பி வரும்போது இது இன்னும் முக்கியம். அப்போது சேர்ந்திருந்த மாற்றம் எல்லாம் ஒரே நேரத்தில் கொட்டும். ஒன்றொன்றாகப் பேச விட்டால் இரண்டு நிமிடம் போன் ஓயாது. ‘இணைப்பு வந்தது. இடையில் 14 மாற்றங்கள்’ என்று சொல்லி நிறுத்திவிட்டு, மீதியை ‘நடந்தவை’ பக்கத்தில் விட்டுவிடுங்கள்.

காலடியில் தரை நழுவுவது

டாக்பேக் பயனருக்கு ஃபோகஸ் என்பது நிற்கும் இடம். நீங்கள் கேட்டுக்கொண்டிருக்கும் அட்டையை இன்னொருவர் நீக்கினால், அல்லது வேறு பெட்டிக்கு மாற்றினால், அந்த இடமே மறைந்துபோகும். ஃபோகஸ் திரையின் உச்சிக்குத் தாவிவிடும். பத்து அட்டை கடந்து வந்தவர் மீண்டும் முதலிலிருந்து. ஒரே பயிற்சியில் இது நான்கைந்து முறை நடந்தால் யாராக இருந்தாலும் போனைக் கீழே வைத்துவிடுவார்கள்.

காரணம் பெரும்பாலும் நிரலில் ஒரு சோம்பலான வரி. ஆண்ட்ராய்டில் பட்டியலைக் காட்டும் ரீசைக்ளர்வியூவில் ஏதேனும் ஒன்று மாறினால் முழுப் பட்டியலும் மாறியதாக அறிவிக்கும் கட்டளை இருக்கிறது. அதைக் கூப்பிட்டால் எல்லா வரியும் புதிதாகக் கட்டப்பட்டு ஃபோகஸ் தொலையும். பழைய பட்டியலையும் புதியதையும் ஒப்பிடும் டிஃப்யூட்டில் கொண்டு மாறிய வரியை மட்டும் புதுப்பியுங்கள். ஒவ்வொரு வரிக்கும் மாறாத அடையாள எண் கொடுங்கள். ஆண்ட்ராய்டில் திரை கட்டும் புதிய முறையான ஜெட்பேக் கம்போஸில், தேவைப்படும் வரியை மட்டும் கட்டும் ‘லேசி’ பட்டியலுக்கு ‘கீ’ கொடுப்பது இதே வேலைதான். வலைப் பக்கம் கட்டும் ரியாக்ட் நூலகத்தில் வரிசை எண்ணையே கீயாக வைப்பது பழகிப்போன தவறு. நடுவில் ஒரு அட்டை போனாலே அதற்குக் கீழே உள்ள எல்லாம் ஆள் மாறிவிடும்.

நீக்கப்பட்ட அட்டையைப் பொறுத்தவரை, ஃபோகஸ் அதன்மேல் இருக்கும்வரை அந்த வரியை எடுக்காதீர்கள். எழுத்தை மட்டும் ‘புறா, இங்கிருந்து குறிஞ்சிக்குப் போனது’ என்று மாற்றி வையுங்கள். மாணவர் தாமாக அடுத்ததற்கு நகர்ந்ததும் அந்த வரி மறையட்டும். வரிசையிலும் இதே பொறுமை வேண்டும். மற்றவர் சேர்த்த புதிய அட்டை, நான் நிற்கும் இடத்துக்கு மேலே வந்து செருகிக்கொள்ளாமல் பெட்டியின் கடைசியில் போய் நிற்கட்டும்.

மீட்டெடுக்கும் பட்டனிலும் ஒரு கூட்டுச் சிக்கல் இருக்கிறது. ‘பின்வாங்கு’ தொட்டால் என் கடைசிச் செயல் மட்டுமே திரும்ப வேண்டும். பலகையின் கடைசிச் செயல் திரும்பக் கூடாது. இல்லாவிட்டால் மலர் வைத்த அட்டையை இனியன் தெரியாமலே கலைத்துவிடுவான். கூட்டுத் திருத்தத்துக்கான ஒய்.ஜே.எஸ் நிரல் நூலகத்தில், மாற்றம் எந்த மூலத்திலிருந்து வந்தது என்று குறித்துவைத்து அதை மட்டும் பின்வாங்கும் வசதி இருக்கிறது, பயன்படுத்திக்கொள்ளுங்கள். ‘உறுதியா?’ என்று கேட்கும் பெட்டிகளைவிட நல்ல பின்வாங்கு பட்டன் மேலானது. ஒவ்வொரு கேள்விப் பெட்டியும் டாக்பேக் பயனருக்கு மூன்று, நான்கு கூடுதல் செயல்.

அந்தப் பட்டன் வந்து மறையும் நேரத்தையும் பாருங்கள். சில நொடியில் மறையும் பட்டைக்குள் அதை வைத்தால், விரல் தேடிப் போவதற்குள் அது போய்விடும். ஆண்ட்ராய்டு 10 முதல், செயல்பட வேண்டிய நேரத்தை 2 நிமிடம்வரை நீட்டித்துக்கொள்ளும் அமைப்பு போனிலேயே உண்டு. செயலி அந்த அளவைக் கேட்டு அதன்படி நடக்க வேண்டும். அல்லது பின்வாங்கு பட்டனை நிரந்தரமாகவே வைத்துவிடலாம், அதுவே சுலபம்.

தமிழ் என்பதால் வரும் வேலைகள்

முதல் வேலை மொழியைச் சொல்வது. பக்கத்தின் மொழி ‘தமிழ்’ என்று குறிக்கப்படாவிட்டால் ஆங்கிலக் குரல் தமிழைப் படிக்க முயலும். சிலவேளை ஒன்றும் சொல்லாமல் தாண்டும்.

இரண்டாவது, ஒட்டிச் செய்யும் வாசகங்கள். நிரல் எழுதுபவர் திணைப் பெயரோடு ‘க்கு’ சேர்த்து அறிவிப்பு தயாரிக்கிறார். முல்லைக்கு, பாலைக்கு சரியாக வரும். அடுத்தது ‘மருதம்க்கு’, ‘நெய்தல்க்கு’. எழுத்தில் கண் மன்னித்துவிடும். குரலில் கேட்டால் என்ன சொன்னது என்றே புரியாது. ஒவ்வொரு பெயருக்கும் வேற்றுமை வடிவங்களை எழுதி வையுங்கள்: மருதத்துக்கு, மருதத்தில், மருதத்திலிருந்து. ஆசிரியர் தம் விருப்பப்படி பெட்டிக்குப் பெயர் வைக்கும் கருவி என்றால் அது முடியாது. அங்கே பெயரைத் தனியே நிறுத்துங்கள்: ‘புறா. போன இடம்: மருதம். மாற்றியவர்: மலர்.’ வினைமுற்றில் ஆண்பால், பெண்பால் தேடும் தொல்லையும் இதில் இல்லை.

மூன்றாவது, இருவர் ஒரே சொல்லைத் திருத்துவது. பலர் ஒரே நேரத்தில் செய்யும் மாற்றங்களைத் தானாகவே கலக்கும் சி.ஆர்.டி.டி வகை நூலகங்கள் எழுத்தைக் குறியீட்டு எண்களின் வரிசையாகவே பார்க்கின்றன. ‘கல்’ என்ற சொல்லில் ககரத்துக்கு அடுத்து ஒருவர் துணைக்காலைச் சேர்த்து ‘கால்’ ஆக்குகிறார். அதே கணத்தில் இன்னொருவர் அதே இடத்தில் டகரம் சேர்த்து ‘கடல்’ ஆக்குகிறார். இரண்டும் கலந்து ‘காடல்’ அல்லது ‘கடால்’ ஆகும். இயந்திரக் கணக்கில் பிழையே இல்லை. யாரும் எழுதாத ஒரு சொல் பலகையில் நிற்கிறது. பார்வையுள்ளவர் உடனே பார்த்துத் திருத்துவார். டாக்பேக் மாணவருக்கு அந்த வரியை மீண்டும் கேட்டால்தான் தெரியும். பள்ளிக் குழுவுக்கு எழுத்துவாரிக் கலப்பு வேண்டியதே இல்லை என்பது என் உறுதியான கருத்து. ஒரு அட்டையை ஒருவர் திருத்தும்போது மற்றவருக்கு அது பூட்டியிருக்கட்டும். ‘மலர் எழுதுகிறார்’ என்பது லேபிளிலேயே வரட்டும். 20 நொடி கை அசையாவிட்டால் பூட்டு திறக்கட்டும். டாக்பேக்கில் தட்டுபவருக்கு ஒவ்வொரு விசையையும் விரலால் தேடி எடுக்க நேரமாகும் என்பதால், விசைமேல் விரல் ஊர்வதையும் அசைவாகக் கணக்கிடுங்கள். முடியாவிட்டால் 60 நொடி கொடுங்கள்.

நான்காவது, எழுத்தெண்ணிக்கை. ‘கொள்கை’ நமக்கு மூன்று எழுத்து. நிரலுக்கு ஆறு குறியீடு. அட்டைக்கு 40 எழுத்து வரம்பு வைத்தால் தமிழில் பாதியிலேயே தடுக்கும். எழுத்துத் தொகுதிகளாக எண்ணும் வசதி இப்போது உலாவிகளிலேயே இருக்கிறது. கூடவே, ‘கொ’வின் ஒகரக் குறியை ஒரே குறியீடாகவும் எழுதலாம், கொம்பு, கால் என இரண்டாகவும் எழுதலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்று, தேடலுக்கு வேறு. சேமிக்கும் முன் என்எஃப்சி என்ற ஒருமைப்படுத்திய யூனிகோடு வடிவுக்கு மாற்றிவிடுங்கள்.

ஐந்தாவது, பழைய எழுத்துரு. பாமினி ஆங்கில எழுத்துகளுக்கே தமிழ் வடிவம் கொடுக்கும் எழுத்துரு. அதில் அடித்த வினாத்தாளை ஆசிரியர் அப்படியே ஒட்டினால், ‘தமிழ்’ என்ற சொல் உள்ளே ஜே, கே, பி, ஓ, அரைப்புள்ளி என்றுதான் இருக்கும். திரைவாசிப்பானும் அதைத்தான் படிக்கும். ஒட்டிய உரையில் தமிழ் யூனிகோடு எழுத்தே இல்லாமல் லத்தீன் எழுத்தும் குறியீடும் கலந்து வந்தால், ‘இது பழைய எழுத்துருவா? மாற்றவா?’ என்று கேளுங்கள். மாற்றி நிரல்கள் இலவசமாகவே கிடைக்கின்றன.

எழுத்தைப் பெரிதாக்குவதிலும் தமிழுக்குத் தனிக் கணக்கு. ஆண்ட்ராய்டு 14 முதல் எழுத்தை 200 விழுக்காடுவரை பெரிதாக்கலாம். 360 அலகு (ஆண்ட்ராய்டின் ‘டிபி’ என்ற திரை அளவு) அகலத் திரையில் அப்போது ‘சமர்ப்பிக்கவும்’ ஒரு பட்டனுக்குள் அடங்காது, ‘அனுப்பு’ அடங்கும். வரி உயரத்தை நிலையான எண்ணாக வைத்தால் மேல்சுழியும் கீழ்க்கொக்கியும் வெட்டுப்படும், எழுத்தளவில் 1.5 மடங்காவது கொடுங்கள்.

வேகத்தைச் சமன் செய்வது

மேலே சொன்னதெல்லாம் சரியாகச் செய்தாலும் ஒன்று மிஞ்சும். கேட்பது பார்ப்பதைவிட மெல்ல நடப்பது. இருபது அட்டையையும் ஒரே பார்வையில் மேய்ந்துவிடும் கண்ணோடு, ஒன்றன்பின் ஒன்றாகக் கேட்கும் காது போட்டியிட முடியாது. இதை நிரலால் தீர்க்க முடியாது. பயிற்சியின் வடிவத்தால்தான் தீர்க்க முடியும்.

1971இல் அமெரிக்காவின் ஆஸ்டின் நகரப் பள்ளிகளில் எலியட் ஆரன்சன் கொண்டுவந்த ஜிக்சா முறை இங்கே அப்படியே பொருந்தும். பாடத்தைத் துண்டாக்கி ஆளுக்கொரு துண்டு கொடுப்பது; முழுப் படம் கிடைக்க எல்லோர் துண்டும் வேண்டும். நம் பலகையில் இருபது அட்டையையும் ஐந்தைந்தாகப் பிரித்துக் கொடுங்கள். முதல் சுற்றில் அவரவர் ஐந்தும் அவரவர் போனில் மட்டும். ஐந்து அட்டை கேட்கவும் வைக்கவும் டாக்பேக் மாணவருக்குச் சிரமமில்லை. நால்வரும் ‘தயார்’ தொட்ட பிறகே பலகை திறக்கட்டும். இரண்டாம் சுற்றில் யாரும் மற்றவர் அட்டையை நேரடியாக நகர்த்த முடியாது. ‘மறுக்கிறேன்’ தொட்டுக் காரணம் எழுதலாம் அல்லது பேசலாம், நகர்த்துவது அட்டைக்கு உரியவர். பலகையில் வரும் மாற்றங்கள் அப்போது வெகுவாகக் குறையும். அறிவிப்பும் குறையும், ஃபோகஸ் நழுவுவதும் குறையும், பூட்டும் அநேகமாகத் தேவைப்படாது.

நேரக் கடிகாரம் வைத்தே ஆக வேண்டும் என்றால், டபிள்யூசிஏஜி சொல்வதுபோல் முதலில் வைத்த அளவின் பத்து மடங்குவரை கூட்ட முடியும்படி வையுங்கள். முடியப்போவதை 20 நொடிக்கு முன்பாவது சொல்லி, ஒரே தட்டலில் நீட்டிக்க விடுங்கள். நீட்டித்தவர் யார் என்று குழுவுக்குக் காட்ட வேண்டாம்.

பார்வையற்ற மாணவருக்கு எப்போதும் ‘குழுப் பேச்சாளர்’ பொறுப்பையே கொடுத்துவிடும் வழக்கம் இருக்கிறது. பரிவோடு செய்வதுதான். ஆனால் பலகையில் அவர் கை படாமலே பாடம் முடிந்துவிடுகிறது. பொறுப்புகளைச் சுற்றில் விடுங்கள், செயலியே சுற்றட்டும்.

குரல் அழைப்பு

குழுவில் நேரடிப் பேச்சு இருந்தால் டாக்பேக் மாணவரின் காதில் இரண்டு குரல்கள் மோதும்: தோழர்கள் பேச்சு, போனின் பேச்சு. போதாததற்கு, ஒலிபெருக்கியில் வரும் டாக்பேக் குரலை மைக் பிடித்து எல்லோருக்கும் அனுப்பும். மைக் எப்போதும் மூடியே தொடங்கட்டும், பிடித்துக்கொண்டு பேசும் பட்டன் வேண்டும். அழைப்பின் ஒலியளவும் திரைவாசிப்பான் ஒலியளவும் தனித்தனியே மாற்ற முடிய வேண்டும். டாக்பேக் பேசும்போது அழைப்பொலி கொஞ்சம் தணிந்தால் இன்னும் நல்லது. ஒரு காதுக்கு மட்டும் கம்பி இயர்போன் மாட்டச் சொல்வது மலிவான, நம்பகமான தீர்வு. புளூடூத்தில் அழைப்பு தொடங்கியதும் ஒலித்தரம் இறங்கும், டாக்பேக் குரலும் சேர்ந்து மங்கும்.

டேட்டா கணக்கு இது. ஓபஸ் என்ற ஒலிச்சுருக்க முறையில் நொடிக்கு 24 கிலோபிட் பேச்சுக்குத் தாராளம். ஒரு குரலுக்கு நிமிடத்துக்கு 180 கிலோபைட். 20 மில்லிநொடிக்கு ஒரு பொட்டலம் என்று அனுப்பினால் நொடிக்கு 50 பொட்டலம், ஒவ்வொன்றுக்கும் மேலுறையே 40 பைட், ஆக நிமிடத்துக்கு இன்னும் 120 கிலோபைட். 60 மில்லிநொடிப் பொட்டலமாக்கினால் மேலுறைச் செலவு மூன்றில் ஒன்றாகும். சற்றே தாமதம் கூடும். படிப்புப் பேச்சுக்கு அது பொறுக்கும்.

நேரடிப் பேச்சைவிடக் குரல்குறிப்பையே நான் முதலில் பரிந்துரைப்பேன். 30 நொடிக் குறிப்பு அட்டையோடு ஒட்டிக்கொள்ளும், திரும்பக் கேட்கலாம், சிக்னல் வரும்போது போய்ச் சேரும். செவித்திறன் குறைந்த மாணவருக்காக ஒவ்வொரு குறிப்புக்கும் எழுத்து வடிவம் வேண்டும். தானியங்கி எழுத்தாக்கம் தவறினால் பேசியவரே திருத்தும்படி முதலில் அவருக்குக் காட்டுங்கள். முடிவுகள் பேச்சிலேயே முடிந்துவிடாமல் பலகையில் பதிந்த பிறகே முடிவாகட்டும். சைகை மொழியில் பேசும் மாணவர் இருந்தால், வீடியோ நொடிக்கு 20 படத்துக்குக் கீழே இறங்கக் கூடாது; இறங்கினால் விரல் அசைவு மங்கும். நெட் குறையும்போது படத்தின் தெளிவைக் குறையுங்கள், வேகத்தைக் குறைக்காதீர்கள். இடுப்புக்கு மேல் இரண்டு கையும் தெரியாதபடி வட்டமாக வெட்டிக் காட்டும் சட்டகம் அவர்களுக்கு உதவாது.

மற்றவை எல்லோரும் அறிந்தவையே. தொடும் இடம் 48 அலகு, அதாவது ஏறத்தாழ 9 மில்லிமீட்டர். இரண்டுக்கும் நடுவே 8 அலகு. எழுத்துக்கும் பின்னணிக்கும் நிற வேறுபாடு 4.5க்கு 1. ஆளை நிறத்தால் மட்டும் அடையாளம் காட்டாமல் பெயரின் முதலெழுத்தும் சேர்க்க வேண்டும். குழுவில் சேர க்யூஆர் குறியோடு நான்கிலக்க எண்ணும் வேண்டும். குறியைக் கேமராவுக்குள் பிடிப்பது பார்வையற்றவருக்குக் கடினம், எண்ணை வாயால் சொல்லிவிடலாம்.

சோதிப்பது

ஆக்சஸிபிலிட்டி ஸ்கேனர் போன்ற கருவி லேபிள் இல்லாததையும் சிறிய பட்டனையும் மங்கிய நிறத்தையும் பிடிக்கும். இந்தப் பதிவில் பேசிய கூட்டுச் சிக்கல் எதையும் பிடிக்காது. ஒரு நேரத்தில் ஒரு திரையைத்தானே அது பார்க்கிறது.

இரண்டு போன் எடுங்கள். ஒன்றாவது 2 ஜிபி ரேம் உள்ள பழைய போனாக இருக்கட்டும். அந்தப் பழைய போனில் இரண்டு ஒலிவிசைகளையும் மூன்று நொடி அழுத்தி டாக்பேக்கை இயக்குங்கள், அந்தக் குறுக்குவழி முன்பே அமைப்பில் இயக்கப்பட்டிருக்க வேண்டும். அதன் மெனுவிலிருந்து திரையை மறையுங்கள். மற்றப் போனில் ஒருவர் பத்து அட்டைகளைச் சட்சட்டென்று நகர்த்தட்டும். டாக்பேக் போனை வைத்திருப்பவர் அரை நிமிடத்துக்குள் யார் எதை எங்கே மாற்றினார் என்று சொல்ல முடிகிறதா? அவர் நிற்கும் அட்டையையே நீக்குங்கள். அடுத்த தள்ளலில் பக்கத்து அட்டை வருகிறதா, திரையின் உச்சி வருகிறதா? விமானப் பயன்முறையில் போட்டு மூன்று நிமிடம் கழித்து எடுங்கள். எவ்வளவு நேரம் போன் ஓயாமல் பேசுகிறது? இருவரும் ஒரே அட்டையில் ஒரே சொல்லைத் திருத்துங்கள். எழுத்தை 200 விழுக்காடாக்கி அத்தனையையும் மறுபடி செய்யுங்கள்.

பிறகு டாக்பேக்கை அன்றாடம் பயன்படுத்தும் மாணவர்கள் இருவரையாவது, நேரத்துக்குக் கூலி கொடுத்து, பார்வையுள்ள தோழர்களோடு ஒரே குழுவில் உட்கார வையுங்கள். பார்க்க வேண்டியது பிழைகளின் எண்ணிக்கை மட்டுமில்லை. பலகை முடிந்ததும் இருபது அட்டையில் அவர்கள் கைபட்டவை எத்தனை, மற்றவர் மறுத்தபோது தம் இடத்தை வாதாடி நிறுத்தியவை எத்தனை என்று ‘நடந்தவை’ பக்கத்திலிருந்தே எண்ணிவிடலாம். அந்த எண் மூன்று, நான்கிலேயே நின்றால் திரும்பிப் போய்ப் பார்க்க வேண்டிய முதல் இடம் சுற்றுகளின் அமைப்பு, அடுத்து ‘என்ன நடந்தது?’ பட்டனின் சுருக்கம்.